பத்து கலோரி ஜெல்லி பிறந்த கதை

ஆட்டுக்கால் சூப் மிச்சமானால் ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால் அடியில் சூப்பைக் காணோம். பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாமல், தட்டினால் குலுங்குகிற கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அடுப்பில் ஏற்றினால் இரண்டே நிமிடத்தில் பழையபடி சூப்பாகிவிடும். இன்று எடை குறைப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுகிற சர்க்கரையில்லா ஜெல்லிக்குப் பூர்விகம் இந்தப் பாத்திரம்தான்.

தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு மாதிரி அதன் அமைப்பு. நெடுநேரம் வெந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறும்போது அவிழ்ந்த இழைகள் அங்கங்கே மறுபடி பின்னிக்கொள்கின்றன. நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. 7 கிராம் தூள் போதும், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கும். நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே இளகிவிடுவதால் வாயில் போட்டதும் கரைகிறது. தச்சுப் பட்டறையில் காய்ச்சுவார்களே வச்சிரம், அதுவும் இதற்கு உடன்பிறப்புதான்; சுத்தம் செய்யும் விதத்தில்தான் வித்தியாசம்.

ஜெலட்டினைச் சத்தான உணவு என்று நம்பியவர்களிடமிருந்து கதை தொடங்குகிறது. பிரான்சில் பிறந்த தெனி பப்பான் 1679இல் லண்டனில் ஒரு பாத்திரத்தைச் செய்து காட்டினார். இறுக மூடிய மூடி, உள்ளே நீராவி அழுத்தம், வெடிக்காமல் இருக்க ஒரு வால்வு. நம் வீட்டு குக்கரின் பாட்டன். கல் போன்ற எலும்பும் அதில் வெந்து மெத்தென்று ஆனது. 1682இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அந்தப் பாத்திரத்திலேயே சமைத்து விருந்து வைத்தார். தூக்கியெறிகிற எலும்பிலிருந்து ஏழைகளுக்கு மலிவாக உணவு எடுக்கலாம் என்ற ஆசை அதோடு கிளம்பியது.

அந்த ஆசை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவமனைகள் வரை போயிற்று. எலும்பு ஜெலட்டின் கஞ்சியை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஊற்றினார்கள். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். உண்மையிலேயே இது உணவுதானா என்று சோதிக்க மஜாந்தி என்ற உடலியல் அறிஞர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை மெலிந்துகொண்டே போயின. ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது என்று 1841இல் அறிக்கை வந்தது. ஏன் என்பது பிற்பாடுதான் விளங்கியது: டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் ஜெலட்டினில் கிடையாது. பெயருக்குப் புரதம், அவ்வளவுதான்.

உணவாக முடியாதது அமெரிக்காவில் தின்பண்டமாயிற்று. நியூயார்க்கில் பசைத் தொழிற்சாலை வைத்திருந்த பீட்டர் கூப்பர் 1845இல் உடனடி ஜெலட்டினுக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கியதோடு சரி, பெரிதாக விற்க முனையவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 1897இல், அதே மாநிலத்தில் லெராய் என்ற சிற்றூரில், தச்சு வேலையோடு இருமல் மருந்தும் பேதி டீயும் தயாரித்துக்கொண்டிருந்த பெர்ல் வெய்ட், ஜெலட்டின் தூளில் பழ வாசனையும் சர்க்கரையும் கலந்தார். அவர் மனைவி மே அதற்கு ‘ஜெல்-ஓ’ என்று பெயர் வைத்தார். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, ஆரஞ்சு, எலுமிச்சை என்று நான்கு ருசிகள். சரக்கு நகரவில்லை. 1899இல் 450 டாலருக்கு அதே ஊர் ஓரேட்டர் வுட்வர்டிடம் எல்லா உரிமையையும் விற்றுவிட்டார். வுட்வர்ட் விளம்பரத்தை நம்பியவர். 1902க்குள் விற்பனை இரண்டரை லட்சம் டாலரைத் தொட்டது.

பெயர்தான் ஜெல்லி; பொட்டலத்துக்குள் பெரும்பகுதி சர்க்கரை. இன்றும் 85 கிராம் பொட்டலத்தைப் பிரித்தால் ஏறக்குறைய 75 கிராம் சர்க்கரைதான் இருக்கும். அதை வெளியேற்றினால்தான் நம் ஜெல்லி பிறக்கும். வெளியேற்றியது யாரென்றால், கை கழுவ மறந்த ஒருவர்.

1879, பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில் நிலக்கரித் தார்ப் பொருட்களோடு மல்லாடிக்கொண்டிருந்த ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர், வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. கை இனித்தது. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப்போய் மேசைமேல் இருந்த ஒவ்வொரு குடுவையையும் நாக்கில் தொட்டுப் பார்த்தார். அப்படிக் கிடைத்தது சாக்கரின். பிறகு அவர் தன் பெயரில் மட்டும் காப்புரிமை வாங்கிக்கொண்டது ரெம்சனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அந்த சாக்கரின் சேர்த்து, சர்க்கரையே இல்லாத ‘டி-செர்ட்டா’ என்ற ஜெல்லித் தூளை ஜெல்-ஓ நிறுவனம் 1923இல் கொண்டுவந்தது. வருடத்தைக் கவனியுங்கள். இன்சுலின் மருந்துக் கடைகளுக்கு வந்ததும் அதே 1923தான். அதற்கு முன்னால் நீரிழிவுக்காரர்களுக்குத் தெரிந்த வழி, கிட்டத்தட்டப் பட்டினி போடுகிற ஆலன் உணவுமுறை. சர்க்கரையில்லா ஜெல்லி முதலில் இனிப்பு மறுக்கப்பட்ட நோயாளியின் தட்டுக்கு உரியது. இடுப்புச் சுற்றளவைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் பின்னால் வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு இனிப்புப் பொருள் மாறிக்கொண்டே இருந்தது. சைக்ளமேட்டை 1937இல் கண்டுபிடித்த மைக்கேல் ஸ்வேடா, மேசைமேல் வைத்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தபோது இனிப்பை உணர்ந்தார். 1969இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. ஜேம்ஸ் ஷ்லாட்டர் 1965இல் அல்சர் மருந்துக்கான ஆய்வில் இருந்தபோது, தாளை எடுக்க விரலை நக்கினார், அஸ்பார்ட்டேம் கிடைத்தது. மூன்று கண்டுபிடிப்பும் கழுவாத கையின் புண்ணியம். 1981இல் அஸ்பார்ட்டேமுக்கு அங்கே அனுமதி கிடைக்க, அந்தப் பத்தாண்டிலேயே அது ஜெல்லியிலும் சேர்ந்தது. சர்க்கரை போட்ட ஜெல்லி ஒரு கிண்ணம் 80 கலோரி, இது 10. இருப்பதைச் சொல்லி விற்ற பண்டம், இல்லாததைச் சொல்லி விற்கத் தொடங்கியது.

இடையில் ஒரு துயரமும் நடந்தது. 1976இல் ராபர்ட் லின் என்ற மருத்துவர் எடை குறைக்க ஒரு புத்தகம் எழுதினார். தோலும் குளம்பும் காய்ச்சி எடுத்த கொலாஜன் திரவத்தைக் குடித்து, வேறெதுவும் சாப்பிடாமல் இருக்கச் சொன்னது அது. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. இத்தகைய திரவப் புரதத்தை நம்பியிருந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது பின்னால் தெரியவந்தது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகியிருந்தது. பாரிஸ் நாய்கள் சொன்ன சேதி 135 வருடம் கழித்தும் மனிதர்களுக்கு எட்டவில்லை.

நம் பக்கம் ஜெல்லி என்றால் கடல்பாசிதான். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள்; அதிலிருந்து அகர் தயாராகிறது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலிலும் ரோஸ் சிரப்பிலும் கடல்பாசி செய்வது வழக்கம். சைவக்காரர்களுக்கும் சங்கடமில்லை. ஜெலட்டின் ஃப்ரிட்ஜ் கேட்கும். அகர் வெளியிலேயே உறையும், வெயிலிலும் இளகாது.

செய்வதும் சுலபம். ஜெலட்டின் என்றால் 7 கிராம் தூளை நாலு ஸ்பூன் குளிர்ந்த நீரில் தூவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, சூடான நீரில் கரைத்து மொத்தம் அரை லிட்டர் ஆக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. எலுமிச்சைச் சாறு, ஒரு துளி ஏலக்காய், வேண்டிய இனிப்பு சேர்த்து நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். அகர் என்றால் லிட்டருக்கு 10 கிராம்; நன்றாகக் கொதித்துக் கரைய வேண்டும், எலுமிச்சையை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். பச்சை அன்னாசியையோ பப்பாளியையோ ஜெலட்டினில் போட்டால் விடிய விடிய வைத்தாலும் உறையாது. அவற்றிலுள்ள நொதி புரத இழைகளை வெட்டிப்போடும். அகரில் புரதம் இல்லை, அதனால் அந்தப் பயமும் இல்லை.

இதைச் சாப்பிட்டால் எடை குறையுமா? பாயசம் இருக்க வேண்டிய இடத்தில் இது இருந்தால், அந்தப் பாயசத்தின் கலோரி அன்றைக்கு மிச்சம். அதற்கு மேல் மந்திரம் எதுவும் கிடையாது. எடைக் கட்டுப்பாட்டுக்காகச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லியிருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் இனிப்பை நாளுக்கு நாள் குறைத்து, இப்போது எலுமிச்சையும் ஏலமும் மட்டும். கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். இதைச் சோறு என்று நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள். தண்ணீர் என்று தெரிந்தே ஸ்பூனை விட்டால், ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு அது பாட்டுக்கு இறங்குகிறது.