தீக்குச்சித் தொழிலும் தாடையெலும்பு நோயும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் முதற்பாட்டிற்கு உரை வகுத்த பரிமேலழகர், நோய்க்குரிய காரணமாக உணவை மட்டும் கொண்டாரல்லர். செயலையும் அதனோடு ஒப்ப வைத்தார். உண்பது உடலுக்கு ஏற்றதாயிருத்தல் எத்துணை இன்றியமையாததோ, உள்ளமும் நாவும் உடலும் நோவெய்தும் முன்பே தொழிலினின்று ஓய்தலும் அத்துணை இன்றியமையாதது என்பது அவ்வுரையின் கருத்து. இவ்விளக்கம் நுட்பமானது. ஆயின், நினைத்தபோது ஓயும் உரிமை தன் கையில் உடையவனுக்கே இது பயன்படும். ஓய்ந்தால் அன்றைக் கூலி இல்லை என்னும் நிலையில் உழைப்பார்க்கு, உடல் நோவுமுன் ஓய்தல் மருத்துவர் அறிவுரையால் மட்டும் கைகூடுவதன்று. அத்தகையோரைப் பற்றிய நோயொன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

தொழிலால் வரும் நோய்களைத் தனி நூலாக எழுதியோருள் முதல்வராகப் போற்றப்படுபவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசீனி (1633–1714). 1700இல் மொடெனா நகரில் வெளிவந்த அவருடைய இலத்தீன் நூல், நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களை எடுத்துக்கொண்டு அவற்றில் உழல்வார்க்கு வரும் நோய்களை விரித்துரைக்கிறது. தம் வீட்டு மலக்குழியைத் தூய்மை செய்த ஒருவனோடு உரையாடியதே அந்நூல் எழுதத் தம்மைத் தூண்டியது என அவர் குறித்துள்ளார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டியனவாகப் பண்டை மரபு வகுத்த வினாக்களோடு, 'நீ செய்யும் தொழில் யாது?' என்பதையும் சேர்த்தவர் அவரே. அவ்வினாவிற்கு ஐயமற விடை கிடைத்த பின்னரும் அரை நூற்றாண்டிற்கு மேல் நீங்காதிருந்த நோய் ஒன்று உண்டு. அதுவே தீக்குச்சித் தொழிலாளரின் தாடையெலும்பு நோய்.

பாஸ்பரஸ் என்னும் தனிமத்தை 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் கண்டறிந்தார். அதன் வெண்ணிற வகை காற்றுப் பட்டாலே பற்றியெரியும் இயல்பினது; நஞ்சுடையது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டுச் சார்ல் சோரியா முதலியோர் அதனைக் கொண்டு தீக்குச்சி செய்யக் கற்றனர். எச்சுவரில் உரைத்தாலும் பற்றும் அக்குச்சி விரைவில் ஐரோப்பா எங்கும் பரவியது. வெண்பாஸ்பரஸ், பொட்டாசியம் குளோரேட், பசை ஆகியவற்றைச் சூடாக்கிக் குழைத்து, இரட்டை நீளமுள்ள குச்சிகளின் இரு முனைகளையும் அக்குழம்பில் தோய்ப்பர். உலர்த்தி, நடுவே அறுத்து, பெட்டியில் அடைப்பர். குழைப்போரும் தோய்ப்போரும் ஆவியை நேரே நுகர்ந்தனர். பெட்டியில் அடைக்கும் பெண்களும் சிறுமியரும் அதே காற்றிலேயே நாள்முழுதும் இருந்தனர். உணவையும் அவ்விடத்திலேயே வைத்து உண்டனர்.

நோய் பல்வலியாகத் தொடங்கும், ஈறு வீங்கும், பல் பிடுங்கினாலும் புண் ஆறாது. பிறகு சீழ் கட்டித் தாடையெலும்பு சிறிது சிறிதாக உயிரற்றுப்போகும். அச்சீழின் நாற்றம் காரணமாக உற்றாரும் அணுக அஞ்சினர் என்பர். கெட்ட எலும்பை அறுத்தெடுப்பதைத் தவிர மருத்துவர்க்கு வேறு வழி தெரியவில்லை. உயிர் பிழைத்தவர் முகம் உருக்குலைந்து வாழ்ந்தனர். ஆங்கிலத் தொழிலாளர் பாஸ்பரஸின் பெயரைச் சுருக்கி, 'ஃபாஸி ஜா' என்று இந்நோய்க்குப் பேச்சுப்பெயர் இட்டனர்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உளது. வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் இந்நோயைப் பாஸ்பரஸ் ஆவியோடு தொடர்புபடுத்தி 1845இல் எழுதிவிட்டார். அதே நகரில், அதே பத்தாண்டினுள், அன்டன் ஷ்ரோட்டர் நஞ்சற்ற செம்பாஸ்பரஸின் இயல்பை விளக்கினார். நோயின் காரணமும் அதனைப் போக்கும் பொருளும் இவ்வாறு ஒரு காலத்தில் ஓரூரிலேயே வெளிப்பட்டன. செம்பாஸ்பரஸைக் குச்சியில் வையாது பெட்டியின் பக்கத்தில் பூசும் முறையைச் சுவீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தார் தொழிலாக்கினர். அம்முறைக்குரிய பிரித்தானியக் காப்புரிமையை 1855இல் பெற்றது இலண்டனின் பிரையன்ட்–மே நிறுவனம். ஆயினும் அந்நிறுவனம் நச்சுக்குச்சி செய்வதைக் கைவிடவில்லை. பாதுகாப்புக் குச்சி விலை மிகுந்தது. பெட்டியில் உரைத்தாலன்றிப் பற்றாது. மக்கள் மலிவானதையே வாங்கினர். ஆதலின், இந்நோய் நீடித்தது அறியாமையினால் என்பது பொருந்தாது. அது விலைக்கணக்கினால் நீடித்தது என்பதே சான்றுகள் காட்டும் முடிபு.

அரசும் இதனை அறியாதிருக்கவில்லை. 1863இல் ஆங்கில அரசின் சிறார் தொழில் ஆய்வுக்குழுவைச் சார்ந்த ஆணையர் இத்தொழிலில் சான்று கேட்டபோது, சான்று கூறியோருள் 270 பேர் 18 வயதிற்குக் குறைந்தவர். 50 பேர் 10 வயதிற்கும் குறைந்தவர். ஐவர்க்கு வயது ஆறே. கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் எடுத்தாண்ட கணக்கு இது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் தீக்குச்சித் தொழிலைத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது, வெண்பாஸ்பரஸைத் தடுக்கவில்லை.

1888ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் பலரும் அறிந்தது. பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து நம் நாட்டு அரசியலிலும் இடம்பெற்ற அன்னி பெசண்ட் அம்மையார், அவ்வாண்டு சூன் 23இல் தாம் நடத்திய 'தி லிங்க்' என்னும் இதழில் பிரையன்ட்–மே தொழிற்சாலையின் நிலையை எழுதினார். பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் வாரக்கூலி 4 ஷில்லிங். பேசினால் தண்டம், காலில் அழுக்கிருந்தால் தண்டம். பங்குதாரர்க்கோ 20 விழுக்காட்டிற்கு மேல் ஈவுத்தொகை. செய்தி தந்தவர் எவர் என அறிய நிறுவனத்தார் முயன்றதும், சூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை விட்டு வெளியேறினர். இரு வாரங்களில் வென்றனர். தண்டம் நீங்கியது, பெண்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைந்தது, உண்பதற்குத் தனி அறையும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இவ்வேலைநிறுத்தமே தாடை நோயை ஒழித்தது எனக் கூறுவாரும் உளர். அது பிழை. வென்ற கோரிக்கைகளுள் நோயோடு நேரே தொடர்புடையது உணவறை ஒன்றே. நச்சுக்காற்றிலிருந்து சோற்றைப் பிரிக்க அவர்களால் இயன்றது. மூச்சைப் பிரிக்க இயலவில்லை. 1891இல் இரட்சணிய சேனையார் செம்பாஸ்பரஸ் மட்டும் கொண்டு குச்சி செய்யும் தொழிற்சாலையை இலண்டனில் நிறுவிக் கூலியும் மிகுத்துத் தந்தனர். ஆயின் அது சந்தையில் நிலைபெறவில்லை. பாஸ்பரஸ் நோயாளரை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என 1895இல் சட்டம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 17 பேர்க்கு நோய் வந்ததை மறைத்ததற்காகப் பிரையன்ட்–மே நிறுவனத்தார் தண்டிக்கப்பட்டனர். தண்டம் ஏறத்தாழ 25 பவுன். காலில் அழுக்கிருந்த பெண்ணுக்கு அவள் கூலியில் பிடித்த பங்கினை நோக்க, இஃது அந்நிறுவனத்தின் ஈட்டத்தில் எத்துணைப் பங்கு என்பதைப் படிப்போர் எண்ணிக்கொள்க. 1901இல்தான் அந்நிறுவனம் வெண்பாஸ்பரஸைக் கைவிட்டது. எங்கு உரைத்தாலும் பற்றும் நஞ்சற்ற குச்சிக்கு வழிசெய்த வேறொரு பாஸ்பரஸ் சேர்மத்தை, 1898இல் பிரான்சு நாட்டுச் செவேன், காஹேன் ஆகியோர் கொணர்ந்ததும் இதற்குத் துணையாயிற்று.

பின்லாந்து 1872இலும் டென்மார்க்கு 1874இலும் வெண்பாஸ்பரஸ் குச்சியைத் தடுத்திருந்தன. பிற நாடுகள் தயங்கியமைக்குக் காரணம், தான் மட்டும் தடுத்தால் அயல்நாட்டு மலிவுக் குச்சி தன் சந்தையைக் கைப்பற்றும் என்னும் அச்சமே. ஆகவே நாடுகள் கூடி உடன்படிக்கை செய்யவேண்டியதாயிற்று. 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அது நிகழ்ந்தது. உலகத் தொழிலாளர் உடன்படிக்கைகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று அது. பிரித்தானியா 1908இல் தடைச்சட்டம் இயற்றி 1910 முதல் செயற்படுத்தியது. அமெரிக்காவோ 1912இல் தடை என்று கூறாமல், அக்குச்சியை எவரும் விற்க இயலாத அளவிற்கு வரி விதித்தது.

இந்தியாவிற்கான வெண்பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச்சட்டம் 1913இல் இயற்றப்பட்டது. சிவகாசியைச் சார்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, தம் ஊரில் தொழிற்சாலை தொடங்கியது அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1923இல். தோய்த்தலும் உலர்த்தலும் பெட்டியில் அடைத்தலும் இங்கும் பெண்டிரும் சிறாரும் செய்யும் தொழிலாயின. தீ விபத்தும் இரசாயனத் தூளும் குழந்தை உழைப்பும் அவ்வட்டாரத்தில் விளைத்த துன்பங்கள் தனியே விரித்து ஆராயத்தக்கன. ஆயினும் இலண்டன் பெண்களின் தாடையைத் தின்ற பொருள், தொழில் சிவகாசிக்கு வருமுன்பே சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத் தொழிலாளர் நோயுற்றுத் தம் பேச்சில் படைத்துக்கொண்டது போன்றதொரு பெயர், இந்நோய்க்குத் தமிழ் வழக்கில் வழங்கக் காணோம்.