போகாத ஊருக்கு வழி

ஜப்பான் அரசு 1906-இல் தனியார் ரயில் பாதைகளை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படிக் கைமாறியவற்றில் ஹான்காகு ரயில்வேயும் ஒன்று. அதை நடத்தியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒசாகாவின் உமேதாவில் தொடங்கி, வடமேற்கே மலையடிவாரத்தை ஒட்டி ஒரு மின்சார ரயில் விடத் திட்டம் போட்டார்கள். ஒரு கிளை மினோ அருவிக்கு. பிரதான பாதை, புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுத் தலமான அரிமாவுக்கு. அதனால் ‘மினோ அரிமா மின்சார ரயில்’ என்றே பெயரும் வைத்தார்கள்.

பெயர் வைத்த வேளை சரியில்லை. ரஷ்யப் போருக்குப் பின் வந்த மந்தத்தில் பங்குச் சந்தை 1907-இல் சரிந்தது. வெளியிட்ட பங்குகளில் பாதியளவை வாங்க ஆளில்லை. முதலீட்டாளர்களின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. 1905-இல் ஓடத் தொடங்கிய ஹான்ஷின் ரயில், ஒசாகா, கோபே என்ற இரு பெருநகரங்களை இணைத்தது. இதுவோ வயல்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே போகும் வண்டி. யார் ஏறுவார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் கோபயாஷி இச்சிஸோ. 1873 ஜனவரி 3-இல் யமனாஷியில் பிறந்தவர். மிட்சுய் வங்கி வேலையை விட்டுவிட்டு, தொடங்கவிருந்த பங்கு வர்த்தக நிறுவனத்தை நம்பி ஒசாகா வந்தார். சந்தைச் சரிவில் அந்த நிறுவனம் முளைக்கும் முன்பே கருகியது. வேலையில்லாமல் நின்றவரின் கைக்குத்தான் இந்தத் தள்ளாடும் ரயில் திட்டம் வந்தது. பாதை அமையவிருந்த இக்கேதாவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அவர் நடந்தே போய்ப் பார்த்தார். வழியெல்லாம் நல்ல நிலம், நல்ல காற்று; விலையோ மலிவு. ‘ஆளில்லாத இடம்’ என்று மற்றவர்கள் ஒதுக்கியதை அவர் ‘ஆட்களைக் குடியேற்றக்கூடிய இடம்’ என்று கணக்குப் போட்டார்.

ரயில் ஓடும் முன்பே பாதையோர நிலங்களை நிறுவனம் வாங்கிப் போட்டது. ஆலைப் புகைக்குப் பெயர்போன நகரம் அன்றைய ஒசாகா. புகைக்குள் ஏன் வாழ்கிறீர்கள், தோட்டத்தோடு ஒரு வீடு வேண்டாமா என்று நகரவாசிகளைக் கேட்கும் விளம்பரப் புத்தகத்தைக் கோபயாஷி வெளியிட்டார். 1910 மார்ச் 10-இல் ரயில் ஓடியது. அதே ஆண்டு இக்கேதாவில் வீடுகள் விற்பனைக்கு வந்தன. மொத்தப் பணமும் கையில் இருக்க வேண்டியதில்லை, பத்தாண்டுத் தவணை. மாதச் சம்பளக்காரர்கள் துணிந்து வந்தார்கள்.

வீடு வாங்கியவர்கள் காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். பகலிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டி காலியாக ஓடினால் கட்டுப்படியாகாது. நகரத்து மக்களை எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். இந்தப் புறநகரின் சுற்றுலா வரலாறு அந்தக் காலி இருக்கைகளிலிருந்தே பிறந்தது.

முதல் முயற்சி மினோவில். 33 மீட்டர் உயர அருவிக்கும் இலையுதிர்காலத்து மேப்பிள் மரங்களுக்கும் அந்த ஊர் முன்பே பெயர்பெற்றது. அங்கே 1910-இலேயே பெரிய விலங்குக் காட்சிச்சாலை திறந்தார்கள். அது 1916-இல் மூடப்பட்டது.

அடுத்தது முக்கோ ஆற்றங்கரையில் உள்ள தக்கரசுக்கா. மலை தடுத்ததாலும் பணம் போதாததாலும் பாதை அரிமாவை எட்டவே இல்லை, இங்கேயே நின்றுவிட்டது. கடைசி நிலையத்தை மக்கள் தேடி வரும் இடமாக ஆக்கியாக வேண்டும். 1911 மே மாதம் ‘புதிய வெந்நீர்க் குளியலகம்’ திறந்தார்கள். மறு ஆண்டு ‘பாரடைஸ்’ என்ற மேல்நாட்டுப் பாணிக் கட்டடம் எழும்பியது. அதற்குள் நீச்சல் குளம். அந்த நாளில் அது புதுமை. ஆனால் கூரைக்கடியில் வெயில் படவில்லை. நீரைச் சூடாக்கவும் ஏற்பாடில்லை. இறங்கியவர்கள் நடுங்கிக்கொண்டே கரையேறினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தவும் அனுமதியில்லை. குளம் படுதோல்வி.

கட்டிய கட்டடத்தை என்ன செய்வது? குளத்தின்மேல் பலகை அடித்துப் பார்வையாளர் கூடமாக்கினார்கள். உடை மாற்றும் இடம் மேடையானது. மிட்சுகோஷி அங்காடியின் சிறுவர் இசைக் குழு அப்போது பிரபலம். அதைப் பார்த்து, 1913-இல் 16 சிறுமிகளைச் சேர்த்துப் பாட்டும் ஆட்டமும் பயிற்றுவித்தார்கள். 1914 ஏப்ரல் 1-இல் முதல் அரங்கேற்றம். பீச் பழத்திலிருந்து பிறந்த வீரன் மொமோதாரோவின் நாட்டுப்புறக் கதையைத் தழுவிய ‘தொன்புராக்கோ’ நாடகம். குளிக்க வந்தவர்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்கும் தக்கரசுக்கா நாடகக் குழு, ஒரு குளியலகத்தின் இலவச இணைப்பாகத்தான் தொடங்கியது.

அதே பாதையில் டொயோனக்காவிலும் நிறுவனம் ஒரு மைதானம் அமைத்திருந்தது. இன்று கோஷியென் அரங்கில் ஜப்பானே கூடிப் பார்க்கும் பள்ளி பேஸ்பால் போட்டியின் முதல் ஆட்டங்கள், 1915 ஆகஸ்டில் 10 அணிகளோடு அங்கேதான் நடந்தன.

அந்த ‘மினோ அரிமா’ ரயிலின் இன்றைய பெயர் ஹான்கியூ. உமேதாவில் அதில் ஏறினால் சுமார் அரை மணியில் தக்கரசுக்கா வந்துவிடும். குளியலகம் வளர்ந்து உருவான கேளிக்கைப் பூங்கா 2003-இல் மூடப்பட்டது. நாடகக் குழு நிலைத்துவிட்டது. அதன் பெரிய அரங்கில் சுமார் 2,500 இருக்கைகள். அருகிலேயே தெசுகா ஒசாமு அருங்காட்சியகம். காமிக்ஸ் உலகின் அந்த மேதை சிறுவயதில் வளர்ந்தது இந்த ஊரில்தான்; ஆண் உடை அணிந்த அவருடைய இளவரசி சபையர், இந்த மேடையைப் பார்த்து வளர்ந்தவரின் கற்பனை. மினோவில் அருவிப் பாதையோரம் மேப்பிள் இலையை மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள்.

ஊர்க்கோடியில் கூட்டம் சேர்த்தாயிற்று. அந்தக் கூட்டம் தினமும் ஏறி இறங்கும் உமேதா நிலையத்தை மட்டும் கோபயாஷி விட்டுவைப்பாரா? நிலையத்தோடு ஒட்டி 1929-இல் அவர் திறந்த பேரங்காடியையும், வெறும் சோற்றில் சாஸ் ஊற்றிச் சாப்பிட்ட ஏழை வாடிக்கையாளர்களை அதன் உணவகம் வரவேற்ற கதையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)