குடலும் ஈரலும்

ஈரல் பழுதுற்றோர் சிலருக்கு அறிவு மயங்குவதேன்? 1893இல் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே பவ்லோவ் முதலிய அறிஞர், குடலினின்று ஈரலுக்குச் செல்லும் குருதியை நாய்களில் வேறு வழியே திருப்பினர். இறைச்சி உண்டபின் அந்நாய்கள் தடுமாறி நினைவிழந்தன.

குடல்வாழ் பற்றீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து அமோனியாவைத் தோற்றுவிக்கின்றன. நலமுற்ற ஈரல் அந்நஞ்சை யூரியாவாக மாற்றிவிடும். தளர்ந்த ஈரலைக் கடந்தாலோ, அது மூளையை எட்டும். 1954இல் இலண்டனில் ஷீலா ஷெர்லொக் குழுவினர் இம்மயக்கத்தைத் தெளிவுற விளக்கினர்.

மூளையின் மயக்கத்துக்குக் குடலிலே மருந்திடும் வழி இவ்வாறு துலங்கிற்று. நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றீரியாக்களை ஒடுக்கின. 1966இல் பேர்ச்சர் குழுவினர் லக்ருலோசு என்னும் இனிப்புப் பாகை வழங்கினர். பற்றீரியாக்களே அதனைப் புளிக்கச்செய்து, அமோனியா குருதியிற் கலவாது தடுக்கின்றன. இன்றும் அதுவே முதன்மை மருந்து. தீங்கு விளைத்தவையே மருந்துக்குத் துணைநிற்றல் வியப்பன்றோ!

ஈரல் நோயாளர் தடுமாறிப் பேசின், அதனைப் பித்தென்று தள்ளிவிடாது உடன் மருத்துவரை நாடுதல் வேண்டும்.