ஈரக்காற்றும் இல்லத் தூய்மையும்: மூச்சு நோயாளர் உள்ள வீடுகளுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் ஆண்டில் இருமுறை மழை பெறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆனி, ஆடிச் சாரலில் நனைந்த சுவர் முழுமையாக உலர்வதற்குள் ஐப்பசி அடைமழை தொடங்கிவிடுகிறது. எனவே, வறண்ட மாவட்டங்களுக்கென எழுதப்படும் தூய்மை அறிவுரைகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. நாள்தோறும் பெருக்கி, தண்ணீர் விட்டுத் துடைக்கப்படும் வீட்டிலும் ஆஸ்துமா நோயாளருக்கு இரவில் மூச்சுத்திணறல் வருவதுண்டு. அவ்வீட்டில் அழுக்கு இல்லாதிருக்கலாம், ஈரம் இருக்கிறது.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஒவ்வாமை மூக்கழற்சி ஆகியவை உள்ளோரும், அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் அறிய வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

ஈரம் நோயைத் தூண்டும் விதம்

பூசணத்தின் நுண்விதைகள் எல்லா வீடுகளின் காற்றிலும் உள்ளன. அவற்றை முற்றாக நீக்க இயலாது. நீக்கத் தேவையும் இல்லை. மரம், அட்டைப்பெட்டி, தோல், பருத்தி, சுவர்ப்பூச்சு ஆகிய எதுவும் அவற்றுக்கு உணவாகும். குறைவுபடுவது நீர் மட்டுமே. ஒரு பொருள் ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து நனைந்திருந்தால் பூசணம் வேர்பிடித்துவிடும். அதன் நுண்விதைகள் மூச்சுக்குழாயை அடையும்போது, ஒவ்வாமை உள்ளவருக்குத் தும்மல், இருமல், இழுப்பு தோன்றும்.

தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் இரண்டாவது காரணம். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களை உண்ணும் இவை, தமக்குத் தேவையான நீரைக் காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்கின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நீண்ட நாள் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இவை உயிர்வாழ்வது கடினம். நம் மாவட்டத்தில், அதிலும் மழைக்காலத்தில், அந்நிலை அரிது.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துரைக்கிறது. இவ்வளவு பூசணம் வரை தீங்கில்லை என்று அது எந்த அளவையும் வரையறுக்கவில்லை. ஆகவே, சுவரில் இருப்பது எவ்வகைப் பூசணம் என்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப் பணம் செலவிட வேண்டியதில்லை. எவ்வகையாயினும் செய்ய வேண்டியது ஒன்றே.

சுவரில் கறுப்புத் திட்டுகளைக் கண்டு அஞ்சி வருவோர் பலர். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பேசப்பட்ட 'கறுப்புப் பூஞ்சை' நோயின் பெயரே இந்த அச்சத்துக்குக் காரணம். அந்நோயில் உடலின் திசு அழிந்து கறுத்துவிடுவதால் அப்பெயர் வழங்கியது; சுவரின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டுப்பாடற்ற நீரிழிவும், அளவுமீறிய ஸ்டீராய்டு பயன்பாடுமே அதற்குப் பெரிதும் வழிவகுத்தன. நீரிழிவு உள்ளோர் சுவரைப் பார்த்து அஞ்சுவதைவிட, சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதே பயன் தரும்.

ஈரம் எவ்வழி வருகிறது

துடைப்பதற்கு முன் இதனைக் கண்டறிய வேண்டும். மூலத்தை அடைக்காமல் சுவரைத் துடைத்தால், சில வாரங்களில் பூசணம் அதே இடத்தில் மீண்டும் பூக்கும்.

சுவரின் மேற்பகுதியிலோ கூரையிலோ கறை இருந்தால், உடைந்த ஓடு, தளத்தில் தேங்கும் நீர், அடைபட்ட மழைநீர்க் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து முழங்கால் அல்லது இடுப்பு உயரம் வரை பட்டையாகக் கறை இருப்பின், மண்ணின் ஈரம் அடித்தளம் வழியே மேலேறுகிறது. இத்தகைய ஓதச் சுவரின் உட்புறத்தில் நீர் புகாப் பூச்சு மட்டும் அடிப்பதால், ஈரம் அப்பூச்சைத் தாண்டி இன்னும் உயரத்தில் வெளிப்படும். வெளிச்சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அகற்றுதல், முற்றத்து நீரைச் சுவரிலிருந்து விலக்கி ஓடவிடுதல் ஆகியவை குறைந்த செலவில் நிறைந்த பயன் தருபவை.

கடலோர வீடுகளில் சுவரில் படியும் உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அங்குச் சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பது பூசணமா உப்பா என்ற ஐயம் எழும். அதன்மீது சில துளி நீர் விட்டுப் பார்க்கலாம். உப்பு கரைந்துவிடும், பூசணம் கரையாது. குலசேகரம், அருமனை போன்ற மேற்குப் பகுதிகளில், ரப்பர் தோட்டத்தின் அடர்ந்த நிழலில் உள்ள வீடுகளுக்கு வெயிலே எட்டுவதில்லை. சுவரைத் தொடும் கிளைகளையேனும் வெட்டிவிட வேண்டும். கணவாய்க் காற்று ஓயாது வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கத்து வீடுகளில் ஈரத்தைவிடப் புழுதியே பெரிய தொல்லை.

வீட்டினுள்ளேயே தோன்றும் ஈரமும் சிறிதன்று. சமையலறை ஆவி, குளியலறை நீர், உள்ளே கொடி கட்டி உலர்த்தும் துணி, உறங்குவோரின் மூச்சு எனப் பல லிட்டர் நீர் நாள்தோறும் காற்றில் கலக்கிறது. நோயாளர் உறங்கும் அறையில் துணி உலர்த்துவதை முதலில் நிறுத்த வேண்டும்.

காற்றோட்டம்

சன்னலை எப்போதும் திறந்து வைக்க வேண்டும் என்னும் பொது அறிவுரை இங்குச் சற்று மாறும். மழை பெய்யும்போதும், பனி இறங்கும் பின்னிரவிலும் வெளிக்காற்றே ஈரம் நிறைந்தது. மழை விட்டு வெயில் தெரியும் வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, உள்ளறைக் கதவுகளையும் திறந்து வைப்பதே ஏற்றது. பழைய வீடுகளில் சன்னலற்ற இருட்டறை இருப்பின், அதனை நோயாளரின் படுக்கையறை ஆக்கக் கூடாது. கட்டில், அலமாரி ஆகியவற்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் பின்புறம் காற்று செல்லும்.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அதன் செங்குத்தான ஓட்டுக்கூரை, தாழ இறங்கும் இறவாரம், மரச் சட்டகச் சன்னல்கள் ஆகியவற்றை நினைவுகூரலாம். மழை சுவரில் படாமலும் காற்று தடைபடாமலும் இருக்கச் செய்த ஏற்பாடுகள் அவை. இன்றைய தட்டைக் கான்கிரீட் வீட்டில் சன்னல்மேல் கட்டப்படும் சிறு மறைப்பு சாரலைத் தடுப்பதில்லை; மழை தாக்கும் மேற்குச் சுவருக்கேனும் தகரக் கூரை ஒன்றை நீட்டிவிடுவது நல்லது.

சாம்பிராணி, வேப்பிலைப் புகை, கொசுவர்த்திச் சுருள் ஆகியவை ஈரத்தைப் போக்குவதில்லை. மூடிய அறையில் அப்புகையே இழுப்பைத் தூண்டும். கைக்குழந்தையின் தலைமுடியைப் புகையில் காட்டி உலர்த்தும் வழக்கத்தையும் தவிர்க்க வேண்டும்.

பூசணத்தை அகற்றும் முறை

நோயாளர் இப்பணியைச் செய்யக் கூடாது. அந்நேரம் அவர் வேறிடத்தில் இருக்க வேண்டும். செய்பவர் என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்துகொள்ள வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் நுண்விதைகள் அறை முழுதும் பரவும். சோப்புத்தூள் கரைத்த நீரால் நனைத்த பிறகே தேய்த்து, கழுவி, அன்றே விசிறி போட்டு உலர்த்த வேண்டும். ஓடு, கண்ணாடி, பூச்சுச் சுவர் ஆகியவற்றுக்கு இதுவே போதும். பூசணம் ஊறிப்போன தலையணை, மெத்தை, அட்டைப்பெட்டி போன்றவற்றை அப்புறப்படுத்துவதே சரி. பூசணத்தின்மீதே புதுப் பூச்சு அடிப்பது வீண்செலவு.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ கழிப்பறை அமிலத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு, சிறிய குளியலறையில் உடல்நலமுள்ளவருக்கும் மூச்சைத் திணறடிக்கும். ஆஸ்துமா நோயாளரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

படுக்கையும் உடையும்

படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் அளவிலான வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் மடியும். குளிர்ந்த நீர் அவற்றைக் கொல்வதில்லை. இலவம்பஞ்சு மெத்தையை வெயில் கிடைக்கும் நாள்களில் இருபுறமும் காயவைக்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் வெயில் காட்ட இயலாதெனில், எளிதில் துவைத்து உலர்த்தக்கூடிய விரிப்புகளில் படுப்பதே மேல்.

அரையீரமாக அணியும் உள்ளாடையும் பள்ளிச் சீருடையும் படர்தாமரைக்கு இடம்தருபவை. தையல் ஓரங்களைச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்து உலர்த்தலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் தாமே வாங்கிப் பூசினால், அரிப்பு தணிந்தாலும் நோய் பரவும்.

மருந்துகளையும் ஈரம் கெடுக்கும்

இது பலரும் கவனியாத செய்தி. மாத்திரைக் குப்பி வடிவில் கருவியில் வைத்து உறிஞ்சும் தூள் மருந்து ஈரம் பட்டால் கட்டிப்படும். நுரையீரலை எட்டாமல் போகும். 'மருந்து வேலை செய்யவில்லை' என்று வரும் சிலரிடம் இதுவே காரணமாக இருக்கக் காண்கிறோம். அக்குப்பியைப் பயன்படுத்தும் நொடியில்தான் அட்டையிலிருந்தோ டப்பாவிலிருந்தோ எடுக்க வேண்டும். குளியலறை அலமாரியிலும் அடுப்பங்கரையிலும் மருந்து வைக்கக் கூடாது. வீட்டில் சர்க்கரை அளவு பார்க்கும் பட்டைகளின் டப்பாவை உடனுக்குடன் இறுக மூடாவிட்டால், காட்டும் அளவு தவறாகும். நெபுலைசர் கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானே உலரவிட வேண்டும்.

வெள்ளம் புகுந்த வீடு

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போதும், 2021 நவம்பர் மழையின்போதும் நம் மாவட்டம் கண்ட நிலை இது. மின்சாரம் இல்லாதபோது விசிறி உதவாது. நனைந்தவற்றை வெளியே எடுத்து அடுக்காமல் பரப்பி வைப்பதே வழி. முதலில் சேற்றை முழுதும் கழுவ வேண்டும். சேறு இருந்தால் குளோரின் பயனற்றுப்போகும். பிறகு 10 லிட்டர் நீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைத் துடைக்கலாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், காலில் புண் உள்ளோர் அந்நீரில் இறங்கக் கூடாது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியோ கண் சிவத்தலோ வந்தால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, வெள்ளநீரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

வெளியூர் சென்று தங்கும்போது குறைந்து, வீடு திரும்பியதும் கூடும் இருமல் ஒரு முக்கியக் குறிப்பு. எந்த அறையில், எந்த நேரத்தில் கூடுகிறது என்பதையும் சொல்லவும். வீட்டைச் சீர்செய்துவிட்டோம் என்று எண்ணி, தடுப்பு உறிஞ்சு மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத திணறல், உதடு நீலம் பூத்தல், உறிஞ்சு மருந்து எடுத்தும் தணியாமை, குழந்தை மூச்சுவிடும்போது விலாப்பகுதி உள்வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.