வேடந்தாங்கல்: கரையை விட்டுக் கொஞ்சம் இறங்குங்க

வேடந்தாங்கலுக்குப் போறவங்க கரைமேல ஒரு நடை, கோபுரத்துல ஏறி நாலு போட்டோ, மதியச் சாப்பாட்டுக்குள்ள ரிட்டர்ன். தப்பே இல்லை. ஆனா அந்த ஊரோட சரித்திரம் புரியணும்னா வயல் பக்கமும் நடக்கணும் என்பது என் கட்சி.

முதல்ல பெயர். தாங்கல்னா நம்ம தொண்டை மண்டலத்துல சின்ன ஏரி. வேடன் பேரை வச்சுக்கிட்டிருக்கிற ஊர் பறவைகளுக்குக் காவல் நின்னதுதான் வேடிக்கை! வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் 1798-ல், இங்கே யாரும் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்ததே 1872-ல்தான். நம்மாளுங்க 74 வருஷம் முந்திட்டாங்க.

ஏன் இவ்வளவு அக்கறை? வெறும் ஜீவகாருண்யம் மட்டுமில்லை, விவசாயக் கணக்கும் இருக்கு. ஏரியில நிற்கிற கடப்ப மரங்கள்ல ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுது. எச்சம் தண்ணீரில் கலக்குது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே போகுது.

இந்தக் கணக்கோட மறுபாதியை நடந்தால்தான் பார்க்க முடியும். ஒரு ஜனவரி காலையில கரைமேல நின்னுக்கிட்டிருந்தேன். கூழைக்கடா, வக்கா, அரிவாள் மூக்கன்னு ஒரே இரைச்சல். ஒரு நத்தைக்குத்தி நாரை மட்டும் ஏரியை விட்டுப் பறந்தது. அது போன திசையில வரப்பு வழியா நடந்தேன். தூரத்து நாற்றங்காலுக்குப் பக்கத்துல நாலஞ்சு நாரைங்க சேற்றைக் கிளறி நத்தை எடுத்துக்கிட்டிருந்தது. அதுல நான் பார்த்தது எதுன்னு கேட்காதீங்க!

ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அத்தனை பறவைக்கும் அத்தனை குஞ்சுக்கும் அதுக்குள்ளேயே தீனி கிடைக்குமா? ஏரி தூங்குற வீடு. சமையலறை சுற்றியுள்ள வயல்களும் ஏரிகளும்தான்.

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்று அறிவித்ததன் அர்த்தம் எனக்கு அந்த வரப்புலதான் விளங்கியது. 2020-ல் 3 கி.மீ.க்கு அப்பால் உள்ள வெளி வளையத்தை விலக்க ஒரு முன்மொழிவு வந்தப்போ பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் அதனாலதான். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம். ஆனா பட்டியல் நத்தையை வளர்க்காது. வயல் பிளாட் ஆகிவிட்டால், பூச்சிமருந்தில் நத்தை செத்துவிட்டால், ஏரியில தண்ணி நிறைஞ்சிருந்தும் குஞ்சுக்குத் தீனி இருக்காது.

1798-ல் ஆபத்து துப்பாக்கியோட வந்தது. சத்தம் ஊருக்கே கேட்டது, மனு கொடுத்தாங்க. சர்வே கல் நடுறது யாருக்குக் கேட்கும்?

அடுத்த சீசனுக்குப் போறவங்க கூடுதலா ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. தண்ணி பாட்டில், தொப்பி, பழைய செருப்பு போதும். வரப்புல பயிரை மிதிக்காம நடங்க.