ரீகண்டிஷன் வாகனமும் விற்பவரின் பெயரும்

இரத்தினபுரியில் கல்லை மட்டும் பார்த்து யாரும் கல் வாங்குவதில்லை. கொண்டுவந்தவர் யார், யாருடைய ஆள் என்று முதலில் விசாரிப்பார்கள். அதே ஊரில், போனில் வந்த நாலு படத்தைப் பார்த்து யப்பான் காருக்கு முற்பணம் கட்டுகிறோம்.

1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் கைமாறிக் கைமாறி ஓடின. வாங்குபவருக்கு வண்டியின் சரித்திரமும் விற்பவரின் குணமும் தெரியும்.

திறந்த பொருளாதாரம் வந்ததும் யப்பான் வண்டிகள் வந்தன. அங்கும் வீதியில் இடப்பக்கமே ஓடுகிறார்கள். புதுக் காருக்கு மூன்று வருடத்தில் முதல் அரசாங்கப் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவுக்குப் பயந்து பலர் நல்ல வண்டியையே விற்றுவிடுவார்கள். நமது டொல்பின் வேன்கள் இப்படி வந்தவைதான். (ரீகண்டிஷன் என்பது பழைய வண்டிக்கு நாம் வைத்த மரியாதைப் பெயர்!) ஆனால் விற்பவர் கடலுக்கு அப்பால் போய்விட்டார்.

"எல்.சி. திறந்தால் பயமில்லை" என்பார்கள். 1933இல் சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட எல்.சி. விதிகள் இன்று யூ.சி.பி. 600 என்ற பெயரில் நடைமுறையில் உள்ளன. அதன்படி வங்கி பார்ப்பது ஆவணத்தை, வண்டியை அல்ல. கடதாசி சரியென்றால் காசு போய்விடும்.

ஆகவே கடதாசியை நாமே பார்க்க வேண்டும். ஏலத் தாளில் ஆர் என்று தரமிட்டிருந்தால் அது விபத்தில் அடிபட்டுத் திருத்திய வண்டி. அந்தத் தாளை விற்பவர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். சேஸி இலக்கத்தையும் கிலோமீற்றரையும் யப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அங்கே பழைய பொருள் வியாபாரிக்குப் பொலிஸ் மூலம் பெறும் 12 இலக்க அனுமதி எண் உண்டு, கேட்டு வாங்குங்கள். கம்பனிகளின் 13 இலக்க எண்ணை 2015 முதல் அந்நாட்டு வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். காசு போகும் கணக்கு கம்பனியின் பெயரிலா, தனியாளின் பெயரிலா?

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. 2019இல் ஒருவருக்கு இருந்த நல்ல பெயரை இன்றைக்கும் அப்படியே நம்ப முடியாது. அவரிடம் இந்த ஒரு வருடத்துக்குள் வாங்கியவர் பெல்மதுளையிலோ மாவனல்லையிலோ இருந்தால், நேரில் போய் அந்த வண்டியையும் கடதாசிகளையும் பார்த்துவிட்டு முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.