பழைய அம்பாசடர் வாங்கியாச்சா? சீட் கவருக்கு முன்னாடி ஃப்ளோரைப் பாருங்க!

தாத்தா ஓட்டிய அம்பாசடரை ஷெட்டிலிருந்து எடுத்து, புது சீட் கவர், புது கார்பெட் என்று இன்டீரியரை மாற்றும் ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்க. கவர் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், முன்சீட்டைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் வாரிசான அம்பாசடர், 2014 வரை தயாரானது. லாரி மாதிரி அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் சேர்ந்துதான் பாடியைத் தாங்குகின்றன. பிரீமியர் பத்மினிக்கும் இதே கதைதான். அதனால், ஃப்ளோரில் துரு என்பது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. சடன் பிரேக் அடிக்கும்போது உங்க சீட் அதே இடத்தில் இருக்குமா என்பதுதான் கேள்வி.

கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் ஃபெல்ட், ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதையும், தகட்டில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டையும் சுரண்டி எடுத்துவிடுங்க. பிறகு, ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்க. கால் வைக்கும் இடம், சீட் போல்ட்டைச் சுற்றி, சில்லை ஒட்டிய ஓரம்... இங்கெல்லாம் ரெண்டு தடவை. கெட்டியாக இருந்தால் அது மேல் துருதான். கம்பி பிரஷ், எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் அடித்தால் போதும்.

ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால்? எந்த கன்வெர்ட்டரும் காப்பாற்றாது. அரித்துப்போன தகட்டை அது திருப்பித் தராது. 'பட்டி பூசிடலாம் சார், மேல ஒரு ஷீட் வச்சு ரிவெட் அடிச்சிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. ரெண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி, துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, சுமார் 1.2 மி.மீ கனமுள்ள 18 கேஜ் தகட்டை வெல்டிங் செய்வதுதான் சரி.

இது வீட்டில் செய்து பழகுகிற வேலை இல்லை. அனுபவமுள்ள டிங்கரிடம் விடுங்க. ஆனால், பக்கத்தில் நின்று சிலதைக் கவனிக்கணும். பேட்டரி வயரைக் கழற்றியாச்சா? பெட்ரோல் டேங்க்கும் பைப்பும் நெருப்புப் பொறி படாத தூரத்தில் இருக்கின்றனவா? தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கா? ஒரே கோடாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். இடம் மாற்றி மாற்றி, புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்லுங்க. பெரிய பகுதியை வெட்டுவதாக இருந்தால், முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்து முட்டு வைக்கணும். இல்லையென்றால், வேலை முடிந்த பிறகு கதவு சாத்தாது!

கடைசியில் இணைப்புகளுக்கு சீலர், அடிப்பக்கம் அண்டர்பாடி கோட்டிங். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீங்க.

இன்னொன்று, தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் முன் கண்ணாடி ரப்பர் அல்லது கதவு ரப்பர். ஒருத்தர் வெளியே ஹோஸ் பிடிக்க, இன்னொருத்தர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஒழுகலை நிறுத்திய பிறகே கார்பெட் போடுங்க. அதையும் பசை போட்டு ஒட்டாமல் விடுங்க. முதல் மழை விட்டதும், ஒரு மூலையைத் தூக்கிக் கை வைத்துப் பார்க்கணும் இல்லையா?